இரண்டு பி.டி.எஃப். கோப்புகளைக் கலந்து பக்கங்களை வரிசைப்படுத்துவது எப்படி?

84 பக்கங்கள் கொண்ட ஒரு பழைய கையேட்டை ஸ்கேன் செய்து, ஒரே பி.டி.எஃப். கோப்பாக ஆக்க வேண்டியிருந்தது. என்னிடமுள்ள ஸ்கேனர் தாள்களைத் தானே உள்ளிழுத்துக்கொள்ளும். ஆனால் ஒரு முறைக்குத் தாளின் ஒரு பக்கத்தை மட்டுமே படிக்கும். எனவே முன்பக்கங்கள் ஒரு கோப்பாகவும் பின்பக்கங்கள் இன்னொரு கோப்பாகவும் வந்தன. இரண்டையும் கலந்து, தலைகீழாக விழுந்தவற்றைத் திருப்பி, வேண்டாதவற்றை நீக்கி முடிப்பதற்குள் இரண்டு மாலைப் பொழுதுகள் கழிந்துவிட்டன. ஒழுங்கான வரிசையில் செய்திருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

இதற்கு நான் பயன்படுத்தும் கருவிகள் இரண்டு. பக்கங்களைச் சிறுபடங்களாகப் பார்த்து, இழுத்து இடம் மாற்றுவதற்கு பிடிஎஃப் அரேஞ்சர். கோப்புகளைக் கலப்பதற்கும் பிரிப்பதற்கும் பிடிஎஃப்சாம் பேசிக். இரண்டுமே இலவசமான, திறந்தமூல மென்பொருள்கள். மேக் கணினியில் இருப்பவர்களுக்கு, அதனுடன் வரும் பிரிவியூ செயலியிலேயே பக்கங்களை இடம் மாற்ற முடியும். ஆனால் அது மாற்றங்களை மூலக்கோப்பிலேயே தானாகச் சேமித்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. கோப்பைப் பதிவேற்றினால் வேலையை முடித்துத் தரும் இணையதளங்களை நான் பரிந்துரைப்பதில்லை. அடையாள அட்டையோ வங்கி ஆவணமோ உள்ள கோப்பை முன்பின் தெரியாத ஒரு கணினிக்கு அனுப்ப வேண்டிய தேவையே இல்லாதபோது, எதற்காக அனுப்ப வேண்டும்?

முதல் வேலை, மூலக்கோப்புகளை நகலெடுத்து வைப்பது. இனி செய்வதெல்லாம் நகலில்தான்.

இரண்டாவது, கலத்தல். நான் தடுக்கி விழுந்தது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 42 தாள்களின் முன்பக்கங்களை ஸ்கேன் செய்தால் 1, 3, 5 என்று 83 வரை கிடைக்கும். பிறகு தாள் கட்டை அப்படியே புரட்டி வைத்து மீண்டும் ஸ்கேன் செய்தால், பின்பக்கங்கள் கடைசியிலிருந்து, அதாவது 84, 82, 80 என்று இறங்குவரிசையில் வரும். பிடிஎஃப்சாமில் 'ஆல்டர்னேட் மிக்ஸ்' என்ற பகுதியைத் திறந்து, முன்பக்கக் கோப்பை முதலிலும் பின்பக்கக் கோப்பை அடுத்தும் சேர்த்து, இரண்டாவது கோப்புக்கு மட்டும் 'ரிவர்ஸ்' என்பதைத் தேர்வுசெய்தால், ஒரு கோப்பிலிருந்து ஒரு பக்கம், மற்றதிலிருந்து ஒரு பக்கம் என்று மாறி மாறி எடுத்து அதுவே அடுக்கிவிடும்.

அப்படித்தான் செய்தேன், முதல் இருபது பக்கங்களைப் பார்த்துவிட்டு எல்லாம் சரியென்று முடிவு செய்தேன். உண்மையில் 21-ஆம் பக்கத்துக்கு அடுத்து 24, அதன்பின் 23, பிறகு 26 என்று வரிசை குலைந்திருந்தது. ஸ்கேனர் மென்பொருளில் 'வெற்றுப் பக்கங்களைத் தவிர்' என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்ததால், எதுவும் அச்சிடப்படாத 22-ஆம், 60-ஆம் பக்கங்களை அது பதிவு செய்யாமல் விட்டிருந்தது. முன்பக்கக் கோப்பில் 42 பக்கங்கள், பின்பக்கக் கோப்பில் 40. கலப்பதற்கு முன் இந்த இரண்டு எண்களை ஒப்பிட்டிருந்தால் ஒரு மாலை மிச்சமாகியிருக்கும். எனவே அந்த அமைப்பை நிறுத்திவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். ஏற்கெனவே செய்து முடித்திருந்தால், பின்பக்கக் கோப்பை பிடிஎஃப் அரேஞ்சரில் திறந்து, விடுபட்ட இடங்களில் வெற்றுப் பக்கத்தைச் செருகி, எண்ணிக்கை சமமான பின்பு கலக்கவும். இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாக உள்ளே போனாலும் எண்ணிக்கை குறையும். அப்போது வெற்றுப் பக்கம் செருகுவது தீர்வாகாது, அந்தத் தாளை மீண்டும் ஸ்கேன் செய்ய வேண்டும்.

கலந்து முடித்த கோப்பை பிடிஎஃப் அரேஞ்சரில் திறந்து, தலைகீழான பக்கங்களைத் தேர்ந்தெடுத்துத் திருப்பிச் சேமிக்கவும். படிக்கும் செயலிகளில் காட்சியை மட்டும் திருப்பும் வசதி ஒன்று இருக்கும். அது திரையில் தெரிவதைத்தான் மாற்றும், கோப்பை மாற்றாது. மேலும், பி.டி.எஃப். பக்கத்தின் திருப்பம் 90 பாகையின் மடங்குகளாக மட்டுமே பதிவாகும் என்பதால், சற்றே சாய்ந்து விழுந்த பக்கத்தை இந்த வழியில் நிமிர்த்த முடியாது.

பக்கங்களை நீக்கும்போதும் பிரிக்கும்போதும் எண்களில் கவனம் தேவை. அட்டை, பொருளடக்கம், முன்னுரை ஆகியவற்றுக்குப் பிறகு '1' என்று அச்சிடப்பட்ட பக்கம் கோப்பில் 7-ஆவதாக இருக்கலாம். மென்பொருள் கேட்பது கோப்பின் எண்ணிக்கையை. ஆகவே அச்சிலுள்ள 20 முதல் 30 வரை வேண்டுமென்றால் 26 முதல் 36 வரை என்று கொடுக்க வேண்டும்.

ஓரங்களை வெட்டுவது பற்றி ஓர் எச்சரிக்கை. பி.டி.எஃப். கோப்பில் பக்கத்தை வெட்டும்போது, வெட்டப்பட்ட பகுதி பெரும்பாலும் அழிவதில்லை, மறைக்கப்படுகிறது; தெரிந்தவர் அதை மீட்டுப் பார்க்க முடியும். ஆகவே ரகசியமான ஒரு வரியை மறைப்பதற்கு இந்த வழியை நம்பவே கூடாது.

முடிந்ததும் புதிய பெயரில் சேமித்து, முதல் சில பக்கங்களோடு நிறுத்திவிடாமல், கடைசி வரை சிறுபடங்களாக ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

பிற்சேர்க்கை: இந்த முறையைப் பின்பற்றிய வாசகர்கள் இரண்டு சிக்கல்களை எழுதியிருந்தார்கள். ஒருவருக்குப் பெரும்பாலான பக்கங்களை நீக்கிய பின்னும் கோப்பின் அளவு குறையவில்லை. சில மென்பொருள்கள் பழைய தரவை விட்டுவைத்து, மாற்றத்தை மட்டும் கோப்பின் இறுதியில் சேர்ப்பதால் இப்படி நேரலாம். நீக்கிய பக்கமும் உள்ளேயே இருக்கக்கூடும். வேண்டிய பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்துப் புதிய கோப்பாக எழுதுவதே சரியான வழி. இன்னொருவர், மின்கையொப்பமிட்ட ஆவணத்தில் ஒரு பக்கத்தை நீக்கியதும் கையொப்பம் செல்லாது என்று காட்டுவதாக எழுதியிருந்தார். கையொப்பத்துக்குப் பின் ஆவணம் மாறியிருந்தால் அதைக் காட்டிக்கொடுப்பதே மின்கையொப்பத்தின் வேலை. அத்தகைய ஆவணத்தில் பக்கங்களை முதலில் ஒழுங்குபடுத்தி, அதன் பிறகே கையொப்பம் பெற வேண்டும்.