பழைய ப்ரீஆம்ப்: காசு கொடுப்பதற்கு முன் இருபது நிமிடம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் எங்கள் வீட்டுப் பின்னறையில் தாத்தாவின் இசைத்தட்டுகள் நான்கு பெட்டி நிறையக் கிடந்தன. அவற்றைக் கேட்க ஆசைப்பட்டு நான் முதலில் வாங்கிய பழைய ப்ரீஆம்ப் மூன்றே வாரத்தில் ஒரு பக்கம் ஊமையாகிவிட்டது. ப்ரீஆம்ப் என்றால், எந்தக் கருவியைக் கேட்பது, எவ்வளவு சத்தம் என்று தீர்மானித்து, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்புக்குச் சிக்னல் அனுப்பும் பெட்டி. முகப்பு பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்தே மயங்கிவிட்டேன். பின்பக்கம் திருப்பியிருந்தால் சாக்கெட்டுகளில் பச்சை பூத்திருந்தது தெரிந்திருக்கும். கடலைப் பார்த்த ஒரு ஃப்ளாட்டில் வருடக்கணக்காக உப்புக்காற்று குடித்த பெட்டி அது.

அன்றைக்குப் புரிந்தது: கை படுகிற இடமும் காற்றுப் படுகிற இடமும்தான் பெரும்பாலும் முதலில் கெடுகின்றன. வால்யூம் குமிழ், சுவிட்ச், சாக்கெட். பெயர் பெற்ற பிராண்டா என்பதெல்லாம் அப்புறம்.

படி 1: தேவைதானா?

ஸ்பீக்கர் வயரை நேராக மாட்டும் இன்டக்ரேட்டட் ஆம்ப் உங்களிடம் இருந்தால், ப்ரீஆம்ப் அதற்குள்ளேயே இருக்கிறது. பணத்தைப் பத்திரமாக வையுங்கள். தனிப் பவர் ஆம்ப்போ, பவர் ஆம்ப் உள்ளேயே இருந்தும் வால்யூம் குமிழ் இல்லாத ஆக்டிவ் ஸ்பீக்கரோ வைத்திருப்பவர்களுக்குத்தான் இது வேண்டும்.

படி 2: எதை இணைக்கப் போகிறீர்கள்?

சிடி பிளேயர் சுமார் 2 வோல்ட் தரும். இசைத்தட்டு ஊசி மூவிங் மேக்னட் (ஊசியோடு காந்தம் அசையும்) வகையாக இருந்தால் வருவது 3 முதல் 5 மில்லிவோல்ட்தான். தட்டில் பதிக்கும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து உயர்ந்த ஒலிகளைக் கூட்டிவிடுகிறார்கள். அதைத் திரும்பச் சரிசெய்து சிக்னலையும் பெருக்குவது ஃபோனோ பகுதியின் வேலை. அது எல்லாப் ப்ரீஆம்ப்பிலும் கிடையாது. பின்பக்கம் 'ஃபோனோ' என்று எழுதியிருக்கிறதா என்று விளம்பரப் படத்திலேயே பாருங்கள்.

இரண்டு பொறிகள் உண்டு. 1967-இல் வந்த குவாட் 33 என்ற ப்ரீஆம்ப் இன்றும் விற்பனைக்கு வரும். நல்ல கருவிதான், ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் டின் சாக்கெட் (பல துளைகள் உள்ள வட்டச் சாக்கெட்), உங்கள் ஆர்சிஏ கேபிள் (சிவப்பு, வெள்ளை முனை உள்ள வழக்கமான ஆடியோ கேபிள்) நேராகப் போகாது. பழைய நெய்ம் ப்ரீஆம்ப்கள் பலவற்றுக்குச் சொந்தமாக மின்சாரமே கிடையாது. அதே கம்பெனியின் பவர் ஆம்ப்போ தனிப் பவர் சப்ளையோ இருந்தால்தான் உயிர் வரும். 'மலிவாகக் கிடைத்தது' என்று தூக்கி வந்து முழிக்காதீர்கள்.

படி 3: போகும் முன் கேட்க வேண்டியவை

விற்பவரிடம் பின்பக்கப் படம் கேளுங்கள், மின்னழுத்தம் எழுதிய இடம் தெளிவாகத் தெரியும்படி. நமக்கு வேண்டியது 230 வோல்ட். ஜப்பானுக்குள் விற்றது 100 வோல்ட், அமெரிக்காவில் விற்றது 120. அவற்றை நம் சுவரில் நேராகச் செருகினால் புகைதான். மாற்றும் சுவிட்ச் இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மர் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே வைத்திருந்தார் என்றும் கேளுங்கள். ஜோஹன்னஸ்பர்க்கில் காற்று வறண்டது; சாக்கெட் பிழைத்திருக்கும், ஆனால் அங்கே இடி மின்னல் அதிகம். டர்பனில் மின்னலைவிட ஈரமும் உப்பும்தான் எதிரி. கரப்பானும் சேர்த்தி: சூடாக இருக்கும் பெட்டிக்குள் குடும்பத்தோடு குடியேறிவிடும். ஒருமுறை மூடியைத் திறந்தபோது செத்த பல்லி ஒன்றும் இருந்தது, பாவம்.

முன்பணம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மின்சாரம் இருக்கும் நேரமாகப் பார்த்து, கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள்.

படி 4: இருபது நிமிடச் சோதனை

கையில் கொண்டு போக வேண்டியவை: டார்ச், மல்ட்டிமீட்டர், இரண்டு ஜோடி ஆர்சிஏ கேபிள், பாட்டுப் போட போன், அதற்கான ஒயர், போனால் போகட்டும் என்று நினைக்கக்கூடிய பழைய ஆக்டிவ் ஸ்பீக்கர்.

முதலில் மூக்கு. தீய்ந்த வாசனை வந்தால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். பிறகு சாக்கெட்டுகள்: பச்சை, வெள்ளைப் பொடி, ஆட்டம் எதுவும் இருக்கக் கூடாது.

ஸ்பீக்கரை மாட்டாமல் பெட்டியை ஆன் செய்து ஐந்து நிமிடம் விடுங்கள். மல்ட்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, அவுட்புட் சாக்கெட்டின் நடு ஊசித் துளையிலும் வெளி வளையத்திலும் தொட்டுப் பாருங்கள். சில மில்லிவோல்ட் காட்டினால் நல்லது. நூறைத் தாண்டினால் வேண்டவே வேண்டாம். அது பவர் ஆம்ப் வழியாக உங்கள் ஸ்பீக்கரைப் பொசுக்கிவிடக்கூடும்.

இப்போது ஸ்பீக்கரை மாட்டி, பாட்டைக் குறைந்த சத்தத்தில் போடுங்கள். வால்யூமை மெதுவாகத் திருப்பும்போது கரகரவென்றால் பயப்பட வேண்டாம். கான்டாக்ட் கிளீனரில் (தொடுமுனைகளைத் துடைக்கும் ஸ்ப்ரே) பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் விலை பேச அது உங்களுக்கு ஒரு பிடி. குமிழைத் திருப்பும்போது ஒரு பக்கம் முழுதாகச் செத்துச் செத்து வந்தால் மட்டும் யோசியுங்கள்.

அடுத்ததுதான் நான் அதிகம் நம்பும் சோதனை. மோனோவில் பதிவான பழைய தமிழ்ப் பாட்டு ஒன்றைப் போடுங்கள். பாடகர் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்ட நடுவில் நிற்க வேண்டும். வால்யூம் மிகக் குறைவாக இருக்கும்போது குரல் ஒரு பக்கம் சாய்ந்தால், குமிழின் இரண்டு பாதிகளும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். ராத்திரி வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு நாம் கேட்பதே அந்தக் குறைந்த சத்தத்தில்தானே! அதனால் இதை விட்டுவிடாதீர்கள்.

ஒரு பக்கம் சத்தமே வராவிட்டால் உடனே பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். ப்ரீஆம்ப்புக்குள் போகும் இரண்டு கேபிளையும் இடம் மாற்றுங்கள். ஊமை மறுபக்கம் போனால் கோளாறு கேபிளிலோ போனிலோதான். அதே பக்கம் நின்றால், கெட்டது ப்ரீஆம்ப்போ அதற்கு அப்புறம் இருக்கும் கேபிளோ ஸ்பீக்கரோ. அந்தக் கேபிள்களையும் மாற்றிப் பார்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு இன்புட்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஃபோனோவில் எதுவும் மாட்டாமல் சத்தத்தைக் கூட்டினால் 'ம்ம்ம்' என்று உறுமும். காலியாக இருக்கும் ஃபோனோ அப்படித்தான், அதற்காகத் தள்ளாதீர்கள். விற்பவரிடம் டர்ன்டேபிள் இருந்தால் மாட்டிக் கேளுங்கள்.

வால்வு (கண்ணாடிக் குழாய்) வகையாக இருந்தால் மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம்.

படி 5: விலை

தனியாள் விற்கும்போது 'ஃபூட்ஸ்டூட்ஸ்' என்பார். இருப்பது இருந்தபடி, நாளைக்கு வந்து கேட்கக் கூடாது என்று பொருள். கடையில் வாங்கினால் நிலைமை வேறு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். அதனால் கடை விலை கொஞ்சம் கூடினாலும் புதியவர்களுக்கு நான் கடையைத்தான் சொல்வேன். ரிமோட் இல்லையென்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

படி 6: வீட்டில்

எல்லாவற்றையும் அணைத்த பிறகே கேபிளை மாட்டுங்கள். ஆன் செய்யும்போது ப்ரீஆம்ப் முதலில், பவர் ஆம்ப் கடைசியில். அணைக்கும்போது பவர் ஆம்ப் முதலில். மாற்றிச் செய்தால் ஸ்பீக்கர் 'டம்' என்று குதிக்கும். லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) வந்தால் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். கரண்ட் திரும்ப வந்து சில நிமிடம் கழித்து மாட்டினால் போதும். கடலோரம் குடியிருப்பவர்கள் சில மாதத்துக்கு ஒருமுறை கேபிள்களைக் கழற்றிச் செருகுங்கள், சாக்கெட்டில் பச்சை எளிதில் சேராது.