‘அண்ணா’ என்றால் யார்? அகதிக் கோரிக்கை எழுத உதவுபவர்கள் விடும் பிழைகள்

போன மாதம் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில், புதிதாக மொழிபெயர்க்க வந்திருந்த பிள்ளை ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கெட்டிக்காரி. எதிரே இருந்த அம்மா சொல்லச் சொல்ல, ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டே போனார். முடிந்ததும் கடைசிப் பக்கத்தை எடுத்து வைத்து, “எல்லாம் சரிதானே அம்மா? இதிலை ஒரு கையெழுத்து” என்றார். அம்மாவும் பேனையை எடுத்துவிட்டார். நான் தாளின் மேல் கையை வைத்து மறித்தேன்.

மொழிபெயர்ப்பாளராக என் முதல் வருடங்களில் நானும் அப்படித்தான் செய்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். பெட்டிகளை வெறுமையாக விடாதீர்கள், பிரதி எடுத்து வையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்குவது

கனடாவில் அகதிக் கோரிக்கை வைப்பவர் தன் கதையை எழுதிக் கொடுக்கும் படிவத்தை (பேசிஸ் ஒவ் கிளெய்ம்) பிஓசி என்றுதான் சொல்வோம். 2012 டிசம்பரில் முறை மாறியபோது வந்தது. யார் துன்புறுத்தினார்கள், ஏன், பொலிசிடம் போனீர்களா, நாட்டின் வேறு இடத்துக்குப் போய் இருந்து பார்த்தீர்களா, எல்லாம் அதற்குள். ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில்தான் நிரப்ப வேண்டும். ஆகவே கடைசியில் உறுதிமொழி இருக்கிறது. முழுவதும் எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லப்பட்டது, விளங்கியது என்று கோரிக்கையாளர் கையெழுத்திடுகிறார். சொன்னேன் என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திடுகிறார்.

2013 குளிர்காலம். யாழ்ப்பாணத்துப் பெடியன், வயது 23. விமான நிலையத்தில் கோரிக்கை வைத்தவர்களுக்கு அப்போது 15 நாட்கள்தான் தவணை. கடைசி நாள் பின்னேரம், அலுவலகம் பூட்டுகிற நேரத்தில் எழுதி முடித்தோம். அவனுடைய கதையே ஒரு வாக்கியத்தில்தான் தொடங்கியது: “எங்கட அண்ணா இயக்கத்திலை இருந்தவர், அவரைத் தேடித்தான் சிஐடி வீட்டை வந்தது.” இயக்கம் என்றால் விடுதலைப் புலிகள், சிஐடி என்றால் இலங்கைப் பொலிசின் குற்றப் புலனாய்வுப் பிரிவு. அண்ணா என்றதற்கு நான் ‘பிரதர்’ என்று அடித்தேன். வாசித்துக் காட்ட நேரமில்லை. “சரிதானே தம்பி?” என்றேன். “ஓம் அண்ணா” என்றான். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

விசாரணையில் நடந்ததைச் சட்டத்தரணி பிறகு ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்க வைத்தார். கோரிக்கையை விசாரிக்கிற குடிவரவு, அகதிகள் சபையின் உறுப்பினர் (நம்மவர்கள் ஜட்ஜ் என்பார்கள்) குடும்ப விவரத்தைப் பார்க்கிறார். இரண்டு அக்காமார் மட்டும். “உங்களுக்குச் சகோதரனே இல்லையே, யாரைத் தேடி வந்தார்கள்?” பெடியன் உள்ளதைச் சொல்கிறான்: பெரியம்மாவின் மகன், ஒரே வளவில் வளர்ந்தவர்கள். ஊரில் அவர் அண்ணாதான், வேறு எப்படிச் சொல்வது? அதுவரைக்கும் சமாளிக்கக்கூடிய பிழை. அடுத்த கேள்விதான் விழுத்தியது. “அப்படியென்றால் வாசித்துக் காட்டியபோது ஏன் திருத்தவில்லை?” “வாசிச்சுக் காட்டேல்லை.” “காட்டினார்கள் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே?”

பதிவில் கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை.

எந்தப் பக்கம் போனாலும் அடி. வாசித்தார்கள் என்றால் கதையில் சந்தேகம். வாசிக்கவில்லை என்றால் உறுதிமொழி பொய். கோரிக்கை மறுக்கப்பட்டது. தீர்ப்பில் அந்தச் சொல்லுக்கு மட்டும் இரண்டு பந்தி. அன்று பின்னேரம் முழுக்க அவன் என்னையும் அண்ணா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அப்போதுகூட எனக்குப் பொறிதட்டவில்லை.

1985இல் கனடிய உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில், ஒருவர் சொல்வதை நம்புவதா இல்லையா என்பதுதான் கேள்வி என்றால் அவரை நேரில் இருத்திக் கேட்க வேண்டும் என்றது. பெரிய உரிமை. ஆனால் நேரில் கேட்கிறவர் கேள்வியைத் தொடங்குவது நீங்கள் அடித்துக் கொடுத்த தாளிலிருந்து. அந்தத் தாளை அவசரத்தில் முடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. நேரமில்லை என்பார்கள். ஒரு மணித்தியாலம் இல்லையா?

வாசிக்கிற விதமும் முக்கியம். “சரிதானே?” என்று கேட்கவே கேட்காதீர்கள். மரியாதைக்கு ஓம் என்றுதான் சொல்வார்கள், அதிலும் வயதானவர்கள். நான் இப்போது இப்படிச் சொல்கிறேன்: “இதிலை எங்கையோ நான் பிழை விட்டிருப்பன், கண்டுபிடிச்சுத் தாங்கோ.” அதற்குப் பிறகு பாருங்கள், காதைக் கூர்மையாக்கிக்கொண்டு கேட்பார்கள். ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லி நிறுத்துங்கள். சுருக்க வேண்டாம். அண்ணா, மாமா, மச்சான், சித்தி என்று எது வந்தாலும், எழுதும்போதே “கூடப் பிறந்தவரோ? எந்த வழியிலை மாமா?” என்று கேட்டுவிடுங்கள்.

அந்த அம்மாவின் கதையை அன்று அப்படித்தான் திரும்ப வாசித்தோம். ஒன்றேகால் மணித்தியாலம். மூன்று இடத்தில் நிறுத்தினார். கணவரைத் தேடிப் போனது நேவி காம்புக்கு. நாங்கள் ஆமி என்று எழுதியிருந்தோம்.

படிவம் ஏற்கெனவே போய்விட்டதா? பயந்து பேசாமல் இருக்காதீர்கள். மாற்றிய இடங்களை அடிக்கோடிட்டு, கையெழுத்தும் திகதியும் போட்டு, விசாரணைக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்னர் கிடைக்கிற மாதிரிச் சட்டத்தரணி மூலம் அனுப்பலாம். நாமாகத் திருத்தியதும் அவர்கள் பிடித்த பிறகு விளக்கம் சொல்வதும் ஒன்றல்ல.

‘இயக்கத்துக்கு வேலை செய்தனான்’

விடுதலைப் புலிகளைக் கனடா 2006 ஏப்ரலில் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது. குடிவரவுச் சட்டத்தின் 34ஆம் பிரிவில், அப்படியான அமைப்பின் உறுப்பினர் என்று முடிவானால் அகதிக் கோரிக்கையே கேட்கப்படாமல் நின்றுவிடும். வன்னியில் இருந்த ஒருவர் “இயக்கத்துக்கு வேலை செய்தனான்” என்றால், அது வீட்டுக்கு ஒராள் வரச் சொன்னபோது பங்கர் வெட்டப் போனதாக இருக்கலாம், சாப்பாட்டுப் பார்சல் கட்டியதாக இருக்கலாம், ஆயுதம் தூக்கியதாகவும் இருக்கலாம். எது என்று கேட்காமல் ஒரு ஆங்கில வினைச்சொல்லைப் போட்டு மூடாதீர்கள். என்ன வேலை, எத்தனை நாள், மாட்டேன் என்று சொல்ல முடிந்ததா? எதையும் மறைக்கச் சொல்லவில்லை. அவர் சொன்னதை, சொன்ன அளவுக்கே எழுதுங்கள்.

திகதியை நீங்களாகக் கண்டுபிடிப்பது

“நல்லூர்க் கொடியேறின கிழமை” என்று சொன்னால் அப்படியே எழுதி, பக்கத்தில் மாதத்தையும் ஆண்டையும் போடுங்கள். கலண்டரைப் பார்த்து ஒரு நாளைக் குறித்துவிட்டால், அந்த நாளை அவர் விசாரணையில் பாடமாக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். விமான நிலைய அதிகாரி எழுதிவைத்த குறிப்பில் வேறு நாள் இருக்கும்.

பழைய புத்திமதி

“இப்ப அவசரமில்லை, விசா முடியட்டும், பிறகு பார்ப்பம்.” நானே பலருக்குச் சொன்னதுதான். இனிமேல் சொல்லாதீர்கள். 2025 ஜூன் 3ஆம் திகதி நாடாளுமன்றத்துக்கு வந்த சி-2 மசோதாவிலும், அதே ஆண்டு அக்டோபரில் அதிலிருந்து பிரித்துக் கொண்டுவந்த சி-12இலும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. 2020 ஜூன் 24க்குப் பிறகு கனடாவுக்குள் வந்தவர், வந்து ஒரு வருடம் தாண்டிக் கோரிக்கை வைத்தால் அது குடிவரவு, அகதிகள் சபைக்கு அனுப்பப்படாது. நாடு கடத்த முன்னர் நடக்கும் ஆபத்து மதிப்பீடு மட்டும்தான் மிச்சம். ஒரு வருடத்தை எண்ணுவது அந்தத் திகதிக்குப் பிறகான முதல் வருகையிலிருந்து. 2022இல் ஒரு கலியாணத்துக்கு வந்து இரண்டு கிழமை நின்று திரும்பிப் போனவருக்கும் கணக்கு அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே மாணவ விசாவில் வந்தவரோ பார்வையாளரோ, கடவுச்சீட்டில் உள்ள முதல் முத்திரையைப் பார்த்துவிட்டு அன்றைக்கே சட்டத்தரணியிடம் அனுப்புங்கள். சட்டத்தை நாம் விளக்கப் போக வேண்டாம்.

‘காசைத் தாங்கோ, கேஸ் நான் எழுதித் தாறன்’

சட்டத்தரணி, பராலீகல் (உரிமம் பெற்ற சட்டத் துணைப் பணியாளர்), உரிமம் பெற்ற ஆலோசகர் போன்ற அனுமதி உள்ளவர்கள் தவிர வேறு எவரும் காசு வாங்கிக் குடிவரவு ஆலோசனை சொல்வது குடிவரவுச் சட்டத்தின் 91ஆம் பிரிவின்படி குற்றம். காசில்லாதவருக்கு ஒன்ராறியோ சட்ட உதவியில் விண்ணப்பிக்கலாம். அதன் தொலைபேசி எண்ணைக் கொடுங்கள்.

மறுப்புக் கடிதத்தை மேசையில் வைத்திருப்பது

மேன்முறையீட்டு அறிவித்தலுக்கு 15 நாட்கள். எண்ணத் தொடங்குவது கடிதம் கிடைத்த நாளிலிருந்து.

வீடு மாறினால்

அன்றைக்கே அறிவியுங்கள். குடிவரவு, அகதிகள் சபைக்கும், கனடிய எல்லைச் சேவை முகவரகத்துக்கும், சட்டத்தரணிக்கும், தனித்தனியாக.