வெப்சைட் செய்யப் பழகுபவரிடம் குறை சொல்லும்போது நாம் செய்யும் தவறுகள்

போன தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பு, சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு காப்பிக் கடையில் பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் தன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். ஒரு கலை நிகழ்ச்சிக்குப் பெயர் பதியும் பக்கம். அவர் செய்த முதல் வெப்சைட். "எப்படிண்ணே இருக்கு?" என்றார். டீ ஆறுவதற்குள் பதினான்கு குறைகளை அடுக்கிவிட்டேன். எல்லாம் சரியான குறைகள்தான். அடுத்த வாரம் பார்த்தால் அவர் மாற்றியிருந்தது ஒன்றே ஒன்று. "இந்த ஊதா கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்று நான் போகிற போக்கில் சொன்னதை மட்டும்.

தப்பு என்னுடையது. ரசனையையும் குறையையும் ஒரே தொனியில் சொல்லியிருக்கிறேன். எதற்கு எவ்வளவு எடை என்று புதியவருக்கு எப்படித் தெரியும்? மாற்றச் சுலபமானதை மாற்றிவிட்டார். இப்போதெல்லாம் வாயைத் திறப்பதற்கு முன் ஒன்றை யோசிக்கிறேன்: இதனால் யாராவது வந்த வேலையை முடிக்க முடியாமல் திரும்பிப் போவார்களா? இல்லை என்றால் அது என் ரசனை. சொல்லியே ஆகவேண்டும் என்றால் 'இது என் ரசனை' என்று சொல்லிவிட்டுச் சொல்வது நல்லது.

அடுத்த தவறு, விதியிலிருந்து தொடங்குவது. அவர் வெள்ளைப் பின்னணியில் 999999 என்ற நிறக் குறியீடுள்ள சாம்பலில் தேதியும் இடமும் போட்டிருந்தார். எல்லாராலும் பயன்படுத்த முடிகிற மாதிரி வெப்சைட் செய்வதற்கான டபிள்யூசிஏஜி என்ற சர்வதேச வழிகாட்டி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்ற நிற வேறுபாடு வேண்டும் என்கிறது. அந்தச் சாம்பலுக்கு ஏறத்தாழ 2.85தான் வருகிறது. முதல் தடவை இந்தக் கணக்கைச் சொன்னபோது தலையாட்டினார், அவ்வளவுதான். இரண்டாம் தடவை அவர் போனை எடுத்துக்கொண்டு கடைக்கு வெளியே வரச் சொன்னேன். மதியம் ஒரு மணி வெயில். "நிகழ்ச்சி என்னைக்கு, படிங்க தம்பி." கையால் திரைக்கு நிழல் பிடித்தார், போனைச் சாய்த்தார், கண்ணைச் சுருக்கினார். அதற்கப்புறம் எண்ணைச் சொன்னேன். 767676 வரை கருமையாக்கினாலே தேறிவிடும் என்று அவரே கருவியில் போட்டுக் கண்டுபிடித்தார்.

சிலர் அதுவும் செய்வதில்லை. லைட்ஹவுஸ் மாதிரி ஒரு சோதனைக் கருவியை ஓட்டி, வந்த ரிப்போர்ட்டை அப்படியே வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவார்கள். அதுவும் எல்லாரும் இருக்கும் குழுவில்! கருவி வேண்டாம் என்று சொல்லவில்லை. படத்துக்கு மாற்று உரை, அதாவது படத்தைப் பார்க்க முடியாதவருக்காக எழுதும் விளக்கம், இருக்கிறதா என்று அது பார்க்கும். அந்த உரைக்கு அர்த்தம் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. இவர் பணம் கட்டுவதற்கான பேநவ் கியூஆர் படத்துக்கு 'படம் 1' என்று எழுதியிருந்தார். கருவி ஒன்றும் சொல்லவில்லை. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானில் கேட்பவருக்கு அது வெறும் 'படம் 1'. கண் நன்றாகத் தெரிபவருக்கும் சங்கடம்தான்: போனில் பக்கத்தைத் திறந்தவர் அதே போனால் அந்தக் கியூஆரை எப்படி ஸ்கேன் செய்வார்? படத்தைச் சேமித்து வங்கிச் செயலியில் ஏற்ற எல்லாருக்கும் வராது. கீழே பணம் பெறும் அமைப்பின் பதிவு எண்ணான யூஇஎன்னை எழுத்தில் போட்டால் இரண்டு பேருக்கும் வேலை முடிந்தது.

நாம் சொல்வதைவிட அவரைச் செய்ய வைப்பது மேல். ஐசியில், அதாவது அடையாள அட்டையில், இருக்கிற என் பெயரை அப்படியே தட்டச் சொன்னேன். நடுவில் இன்னாரின் மகன் என்பதற்கு 'எஸ்/ஓ' வரும். சாய்கோடு விழுந்ததும் சிவப்பில் 'செல்லாத பெயர்' என்றது படிவம். இந்த ஊரில் பாதி மாமாக்கள் பெயரில் அந்தக் கோடு இருக்கிறது. தமிழ் நிகழ்ச்சிக்கே தமிழர் பெயர் செல்லாது என்றால் என்ன செய்வது! அவருக்கு முகம் சுண்டிவிட்டது, அவர் அப்பா பெயரிலும் அதே கோடு. மவுஸை ஒதுக்கி வைத்துவிட்டு டேப் விசையால் மட்டும் பதிவை முடிக்கச் சொன்னபோதும் இப்படித்தான். டேப் அழுத்தும்போது நிற்கும் இடத்தைக் காட்டும் நீல வளையத்தை, அசிங்கமாக இருக்கிறது என்று எடுத்துவிட்டிருந்தார். எங்கே நிற்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

பாராட்டு, குறை, மறுபடி பாராட்டு என்று அடுக்கும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. முதல் பாராட்டிலேயே பிள்ளைகள் உஷாராகிவிடுகிறார்கள். ஆனால் நன்றாகச் செய்ததைக் காரணத்தோடு சொல்லாமல் விடுவதும் தவறுதான். இவர் படிவத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே தலைப்பு வைத்திருந்தார். கட்டத்துக்குள்ளேயே வைத்தால், தட்டத் தொடங்கியதும் தலைப்பு மறைந்து, என்ன கேட்டார்கள் என்பதே மறந்துவிடும். அதைச் சொல்லாவிட்டால், அடுத்த பக்கத்தில் அழகுக்காக அவரே எடுத்துவிடுவார்.

"நம்ம பக்கத்துக்குக் கண் தெரியாதவங்க வருவாங்களாண்ணே?" என்றும் கேட்டார். இங்கே பிரசங்கம் பண்ணத் தோன்றும், அடக்கிக்கொள்ள வேண்டும். கண் தெரிபவருக்கும் சிரமம் வரும் என்று காட்ட, ஒரு கையால் எம்ஆர்டி ரயிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகைக் கட்டைவிரலால் 'பதிவு செய்' பொத்தானை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். டபிள்யூசிஏஜியின் 2023இல் வந்த 2.2 பதிப்பு, பொத்தான் பொதுவாக 24க்கு 24 பிக்சலாவது இருக்கட்டும் என்கிறது. இவருடையது அதைவிடப் பொடிசு.

வெப்சைட்டின் நிரலை நாமே தட்டிச் சரிசெய்து கொடுத்துவிடுவது இன்னொரு தவறு. கை பரபரக்கும், எனக்கும் பரபரத்தது.

இப்போது ஒரு சந்திப்புக்கு மூன்று குறை என்று வைத்திருக்கிறேன். பதிவையே தடுப்பவை முதலில். போன வாரம் அவர் தயங்கித் தயங்கி, பழைய ஊதாவைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று கேட்டார். வெள்ளை எழுத்துக்கு அந்த அடர்ஊதா நன்றாகவே எடுக்கும். "உங்க இஷ்டம் தம்பி" என்றேன்.