எண்ணெயில் நானோ பவுடர் கலப்பது எப்படி?

கடலூர் முதுநகரில் படகு இன்ஜின் பழுது பார்ப்பவர்களிடம் கேட்டால் ‘மோலி கிரீஸ்’ என்று ஒன்றைச் சொல்வார்கள். அதன் கறுப்புக்குக் காரணம் மாலிப்டினம் டைசல்ஃபைடு. அதன் அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று சுலபமாக வழுக்கும். இதே பொருள் 100 நானோமீட்டருக்கும் குறைந்த துகளாக இருந்தால் உலோகத்தின் மேடுபள்ளங்களுக்குள் புகுந்து, அழுத்தத்தில் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். உராய்வும் தேய்மானமும் குறைவது அதனால்தான். மெக்கானிக்கல் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் கல்லூரி ஆய்வகத்திலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

முதலில் மாஸ்க், கையுறை. பவுடர் காற்றில் பறக்கும், மூச்சில் போகக் கூடாது. மின்விசிறியை நிறுத்திவிட்டு எடை போடுங்கள். கடற்கரை ஊர் என்பதால் பவுடர் ஈரம் இழுத்திருக்கும். ஓவனில் (மின் அடுப்பு) 100 டிகிரியில் உலர்த்திக்கொள்ளுங்கள்.

அடுத்து, 198 கிராம் பேஸ் ஆயிலில் (சேர்க்கைகள் எதுவும் கலக்காத வெறும் எண்ணெய்) 1 கிராம் ஒலீயிக் அமிலம் விட்டுக் கலக்கி, அப்புறம் 1 கிராம் பவுடர். இது 0.5 சதவீதம். மேக்னெடிக் ஸ்டிரரில் (காந்தத்தால் சுழற்றிக் கலக்கும் கருவி) அரை மணி நேரம் சுற்றவிட்டு, அல்ட்ராசோனிக் பாத்தில் (ஒலி அதிர்வால் கட்டிகளை உடைக்கும் தொட்டி) ஒரு மணி நேரம் வையுங்கள். எண்ணெய் சூடேறும், நடுநடுவே நிறுத்தி ஆறவிடுங்கள்.

உண்மையான சவால் இனிமேல்தான். நானோ துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். கட்டியானால் அடியில் தங்கும், தேய்மானத்தைக் கூட்டவும் செய்யும். ஒலீயிக் அமிலம் துகளைப் போர்த்தி அதைத் தடுக்கிறது. கலவை முழுக்கக் கறுப்பாக இருப்பதால் படிவு சட்டென்று தெரியாது. சோதனைக் குழாயில் ஊற்றி ஒரு வாரம் அசைக்காமல் வைத்து, மெதுவாகக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் கறுப்புச் சேறு ஒட்டிக்கொண்டிருந்தால் கலவை சரியில்லை, மறுபடி பாத்தில் வைக்க வேண்டும்.

தேய்மானச் சோதனைக்கு ஃபோர் பால் டெஸ்டர், அதாவது நான்கு குண்டுகளை எண்ணெயில் உரசவிடும் கருவி. 12.7 மில்லிமீட்டர் எஃகுக் குண்டுகள், கீழே மூன்று அசையாமல், மேலே ஒன்று சுழலும்: 1200 ஆர்பிஎம், 75 டிகிரி, 40 கிலோ சுமை, ஒரு மணி நேரம். ஒவ்வொரு தடவையும் புதுக் குண்டுகள்தான். கீழ்க்குண்டுகளில் விழுந்த வட்டத் தழும்பின் விட்டத்தை மைக்ராஸ்கோப்பில் அளந்து சராசரி எடுங்கள்.

வெறும் எண்ணெய், எண்ணெயும் ஒலீயிக் அமிலமும், பவுடர் சேர்த்தது என மூன்றையும் சோதிக்க வேண்டும். ஒலீயிக் அமிலம் தனியாகவே உராய்வைக் குறைக்கக்கூடியது. நடுவில் உள்ளதை விட்டுவிட்டால் அதன் பலனைப் பவுடரின் கணக்கில் எழுதிவிடுவோம். இது சரியாக வந்தபிறகு 0.1, 1 சதவீதத்திலும் செய்து பாருங்கள்.

ஆய்வகக் கலவையை வண்டியிலோ படகிலோ ஊற்ற வேண்டாம். கட்டியான துகள் ஃபில்டரை அடைக்கும். கடையில் வாங்கும் இன்ஜின் ஆயிலில் ஏற்கெனவே இருக்கும் சேர்க்கைகளோடு இது எப்படி நடந்துகொள்ளும் என்பது தனிச் சோதனை.