கிளிநொச்சியில் இறங்குங்கள்

வெளிநாட்டிலிருந்து வருகிற எங்கடை ஆட்கள் பலர் யாழ்ப்பாணம் போகிற வழியில் வன்னியை வேனில் நித்திரையிலேயே தாண்டிவிடுகிறார்கள். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கினால் அடுத்து யாழ்ப்பாணம்தான். அப்படிப் போகாதீர்கள். 1990இல் நின்றுபோன ரயில் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது. ஏ9 வீதி வழியாக யாழ்ப்பாணம் போகிற பஸ்களும் இந்த ஊருக்குள்ளாலேதான் போகின்றன.

கிளிநொச்சி வீதியோடு நீளவாக்கில் வளர்ந்த ஊர். 'டவுனில் இறக்குங்கோ' என்றால் எங்கேயாவது இறக்கிவிடுவார்கள். சந்தியின் பெயரைச் சொல்லுங்கள். தெற்கிலிருந்து வந்தால் இரணைமடுச் சந்தி, டிப்போச் சந்தி, கந்தசாமி கோயிலடி, பிறகு கரடிப்போக்கு. உருத்திரபுரத்துக்குக் கரடிப்போக்கில் இறங்கி மேற்கே திரும்ப வேண்டும். அங்கே வாய்க்காலைச் சொல்லித்தான் வழி கேட்பது. பத்தாம் வாய்க்கால் என்றால் சின்னப்பிள்ளையும் காட்டும். 1902இல் தொடங்கி 1920இல் கட்டி முடித்த இரணைமடுக் குளத்தின் தண்ணீரை நம்பி வந்து குடியேறிய சனம் நாங்கள். வெயில் தணிந்த பிறகு அந்தக் குளக்கட்டில் ஒருதரம் நடந்து பாருங்கள்.

இனிக் காணி அலுவல். இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுத இருந்தேன்.

அப்பாவின் வயல் பெர்மிற் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்தது. அதை ஊரில் இருக்கிற அக்காவின் பெயருக்கு மாற்றுவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கொடுக்க அக்காவோடு பிரதேச செயலகத்துக்குப் போனேன். காலமை போய் வரிசையில் இருந்தோம். மத்தியானம் தாண்டித்தான் கூப்பிட்டார்கள். உத்தியோகத்தர் பைலைத் திறக்கவே இல்லை.

"பெர்மிற்றின்ரை மூலப்பிரதியைக் கொண்டுவாங்கோ."

மூலப்பிரதி 2009இல் கடைசிச் சண்டையோடு போய்விட்டது. புதுக்குடியிருப்பு, இரணைப்பாலை, மாத்தளன் என்று அக்கா சுமந்து திரிந்த பையில்தான் அது இருந்தது. கடைசியில் பையை எறிந்துவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவ. இதை அந்த மேசைக்கு முன்னால் நின்றபடி அவவே சொன்னா.

"அப்ப, துலைஞ்சதெண்டு பொலிசிலை முறைப்பாடு போட்டனீங்களோ?"

எனக்கு உடம்பெல்லாம் பதறியது. அக்காவின் முகம் மாறவில்லை. இதே கேள்விக்கு எத்தனை மேசைகளில் பதில் சொல்லியிருப்பா? நான் லண்டனிலிருந்து மாதாமாதம் காசு அனுப்பிய காலமெல்லாம் அவ தனியாக இந்த வாங்குகளில் காத்திருந்திருக்கிறா. காசு அனுப்பினால் கடமை முடிந்தது என்று யாராவது இனி என்னிடம் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆகவே வெளிக்கிட முன்னம் உங்கள் வீட்டுப் பழைய பைல்களைக் கிளறுங்கள். அகதி விண்ணப்பம், ஸ்பொன்சர் அலுவல் என்று ஒரு காலத்தில் ஊரிலிருந்து தபாலில் வந்த போட்டோக்கொப்பிகள் கிடக்கும். எங்களுடையது அப்படித்தான் அகப்பட்டது: மடிப்பில் கிழிந்து, முத்திரை பாதி அழிந்து, இலக்கம் மட்டும் தெளிவாக. இலக்கம் இருந்தால் காணிப் பேரேட்டில் தேடித் தரும்படி கேட்கலாம். விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதத்தையும் சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக்கடதாசியையும் முன்னமே எடுத்து வையுங்கள். உத்தியோகத்தர் எந்த நாளில் சனத்தைச் சந்திப்பார் என்று கேட்டுவிட்டு ரிக்கற் போடுங்கள்.

முல்லைத்தீவுக்கு இரண்டு வழி. பரந்தனில் திரும்பினால் விசுவமடு, புதுக்குடியிருப்பு. மாங்குளத்தில் திரும்பினால் ஒட்டுசுட்டான். அங்கே தான்தோன்றீஸ்வரரைக் கும்பிடலாம், கிட்டத்தான் கற்சிலைமடு. வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனை 1803 ஒக்ரோபர் 31இல் தோற்கடித்ததாக வெள்ளைக்காரர் கல் நட்ட இடம் அது. வற்றாப்பளை அம்மனிடம் வைகாசிப் பொங்கலுக்குப் போவதென்றால் பஸ்ஸில் இருக்க இடம் கிடைக்காது. பின்னேரம் திரும்பி வருகிற கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே கொண்டக்டரிடம் கேளுங்கள்.

உங்களோடு அலுவலகத்துக்கு அலைகிற உறவினருக்கு அன்றைய கூலி போகும். ஓட்டோக் காசும் சாப்பாட்டுக் காசும் மட்டும் கொடுத்து நிறுத்தாமல், அந்த நாள் சம்பளத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அவர்களாகக் கேட்கமாட்டார்கள்.