மசாலா பெயர்களில் முதல் அசையை அழுத்துங்கள்

ஏலக்காய், மஞ்சள், சீரகம், பட்டை ஆகியவற்றின் பெயரை ஆங்கிலத்தில் சொல்லும்போது முதல் அசையை மட்டும் அழுத்துங்கள். மற்றவற்றைத் தளர்வாக விட்டுவிடுங்கள். ஏலக்காய் ‘கார்டமோம்’ அல்ல. ‘கார்’ என்று அழுத்தி, ‘டமம்’ என்று மெல்ல முடிக்க வேண்டும். மஞ்சள் ‘டர்மரிக்’, நடுவில் ‘மெ’ என்று அழுத்தத் தேவையில்லை. சீரகத்துக்கு ‘கமின்’, ‘கியூமின்’ இரண்டுமே சரி, தயங்கவே வேண்டாம்.

தமிழில் எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே எடை கொடுக்கிறோம். ஆங்கிலம் பேசுபவரின் காது, அழுத்தம் விழும் இடத்தை வைத்தே சொல்லைப் பிடித்துக்கொள்கிறது. புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் நம் கடைக்காரர்கள் சரியான சொல்லைச் சொல்லியும், வெளிநாட்டுப் பயணி புரியாமல் விழிக்க, கடைசியில் டப்பாவைத் திறந்து காட்ட நேர்வது பல நேரம் இதனால்தான்.

எல்லாப் பெயருக்கும் இது பொருந்தாது. பெருங்காயம் ‘அசஃபெட்டிடா’, அழுத்தம் ‘ஃபெ’யில். கொத்தமல்லியை பிரிட்டிஷ்காரர்கள் ‘கொரியாண்டர்’ என்று ‘ஆண்’ பகுதியை அழுத்திச் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வந்தால் இந்த வழியை மறந்துவிடுங்கள்: அவர்கள் மொழியில் அழுத்தம் கடைசி அசையில் விழும், மஞ்சளுக்குப் பெயரே ‘க்யுர்க்யுமா’.