காலேஜ் ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி: சர்ட்டிஃபிகேட்ல இருந்து எஜுகேஷன் லோன் வரைக்கும், வரிசையா

ப்ளஸ் டூ புள்ள இருக்கிற சொந்தக்காரங்க ஆளாளுக்கு போன் பண்ணி கேக்கறாங்க, அதான் ஒரே இடத்துல எழுதிடறேன். நாங்க அம்பத்தூர். பொண்ணு டிஎன்இஏ கவுன்சிலிங்ல (தமிழ்நாட்டு என்ஜினியரிங் அட்மிஷன்) ஒரு செல்ஃப் ஃபைனான்ஸ் காலேஜ்ல ஈசிஇ எடுத்தா. நானும் வீட்டுக்காரரும் காலேஜ் பக்கமே போனதில்ல, அதனால ஃபர்ஸ்ட் கிராஜுவேட் சலுகை (வீட்ல முதல் பட்டதாரிக்கு டியூஷன் ஃபீஸ்ல கழிக்கறது) எங்களுக்கு உண்டு. கவுன்சிலிங் ரிஜிஸ்ட்ரேஷன் எப்படின்னு இங்க சொல்லல, அத புள்ளைங்களே பாத்துக்கும்.

1. மொத்த செலவை முதல்ல கேளுங்க

டியூஷன் ஃபீஸ் மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க. பஸ், எக்ஸாம் ஃபீஸ், லேப், ஹாஸ்டல், புக்ஸ்னு நாலு வருஷத்துக்கும் எழுதி வாங்குங்க, காலேஜ் லெட்டர்ஹெட்ல சீல் போட்டு வேணும், பேங்க்ல அதைத்தான் கேப்பாங்க. பஸ் ஃபீஸ்தான் பலபேர் விட்டுடற ஐட்டம். என்னைக் கேட்டா எலெக்ட்ரிக் டிரெயின்ல போற மாதிரி காலேஜா பாருங்க, ஸ்டூடன்ட் சீசன் டிக்கெட்டுக்கும் காலேஜ் பஸ்ஸுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

2. சர்ட்டிஃபிகேட், அதுவும் ரிசல்ட்டுக்கு முன்னாடியே

வருமான சான்று, சாதி சான்று, ஃபர்ஸ்ட் கிராஜுவேட் சான்று மூணும் இ-சேவைலதான். கேன் நம்பர் (இ-சேவைல நமக்குன்னு தர்ற பதிவு நம்பர்) ஒண்ணு போட்டுக்கணும், ஒவ்வொண்ணுக்கும் 60 ரூபா. வீட்ல இருந்தே போடலாம், சென்டர் போறதுன்னாலும் சரி. நான் வீட்ல இருந்துதான் போடச் சொல்வேன், அவங்க அவசரத்துல ஸ்பெல்லிங் தப்பா அடிச்சா அலையறது நாமதான். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு ஃபைல் மேல போகும், ரிசல்ட் வந்த வாரத்துல எல்லாரும் ஒரே நேரத்துல போடறதால தேங்கி நிக்கும். சம்பள ஸ்லிப் இருக்கே, அது போதாதான்னு கேக்காதீங்க, போதாது, ஸ்காலர்ஷிப்புக்கும் வட்டி மானியத்துக்கும் தாசில்தார் குடுத்த வருமான சான்றுதான் செல்லும்.

ஃபர்ஸ்ட் கிராஜுவேட்டுக்கு வீட்ல யாரும் டிகிரி முடிச்சிருக்கக் கூடாது, அண்ணன் அக்கா ஏற்கனவே அந்தச் சலுகை வாங்கியிருந்தா தம்பிக்குக் கிடையாது. கவுன்சிலிங்ல வந்த சீட்டுக்குத்தான், மேனேஜ்மென்ட் கோட்டாக்கு இல்ல. டியூஷன் ஃபீஸ்லதான் கழிப்பாங்க, பஸ் ஃபீஸ்ல இல்ல.

3. இனிஷியல் (இங்கதான் எங்களுக்கு முட்டுச்சு)

இது ஒரு தலைவலி, கொஞ்சம் பொறுமையா படிங்க. மார்க் ஷீட்ல "காவியா மு"ன்னு இருக்கும், ஆதார்ல "மு காவியா", பேங்க் பாஸ்புக்ல வெறும் "காவியா", அப்புறம் பான் கார்டு அப்ளை பண்ணா அங்க இனிஷியலே ஏத்துக்க மாட்டாங்க, "காவியா முருகன்"னு விரிச்சு எழுதணும். நமக்கு எல்லாம் ஒரே புள்ளதான், கம்ப்யூட்டருக்கு நாலு ஆளு. எங்க கேஸ்ல சிக்கல் புள்ள பேருல கூட இல்ல, அவ அப்பா பேரு ரேஷன் கார்டுல ஒரு மாதிரி, அவரோட பழைய டிசில வேற மாதிரி, அதுக்கே ஃபர்ஸ்ட் கிராஜுவேட் அப்ளிகேஷன் ரிட்டர்ன் ஆச்சு.

நான் சொல்ற வழி: மார்க் ஷீட்டை மாத்தறது பெரும்பாடு, அதனால அதை அப்படியே வெச்சு மத்ததை அதுக்கு ஏத்த மாதிரி மாத்துங்க. ஆதார்ல பேரு மாத்த வாழ்க்கைல ரெண்டே தடவைதான் விடுவாங்க, யோசிச்சு மாத்துங்க. பான்ல விரிச்சுத்தான் ஆகணும், அதுக்கு ரெண்டு விதமா எழுதின பேரும் ஒரே ஆளோடதுதான்னு நோட்டரி அஃபிடவிட் ஒண்ணு போட்டு லோன் ஃபைல்லயே வெச்சுடுங்க.

4. அக்கவுன்ட்: லிங்க் வேற, சீடிங் வேற

ஸ்காலர்ஷிப், காலேஜ் படிக்கிற பொண்ணுங்களுக்கு மாசாமாசம் வர்ற புதுமைப்பெண் 1000 ரூபா, பசங்களுக்கான தமிழ்ப் புதல்வன் எல்லாமே புள்ள பேர்ல இருக்கிற அக்கவுன்ட்டுக்கு நேரா வர்றது. "ஆதார் லிங்க் ஆயிருக்கு"ன்னு பேங்க்ல சொன்னா நம்பி வந்துடாதீங்க, அது கேஒய்சி, அதாவது நாம யாருன்னு பேங்க் சரிபாக்கறது. என்பிசிஐல (பேங்குகளுக்கு நடுவுல பணம் அனுப்பற அமைப்பு) சீடிங், அதாவது இந்த ஆதாருக்கு இந்த அக்கவுன்ட்னு பதிவு, ஆயிருக்கணும், ஒரு ஆதாருக்கு ஒரு நேரத்துல ஒரு அக்கவுன்ட்தான் அதுல நிக்கும், கடைசியா எதைச் சீட் பண்ணாங்களோ அங்கதான் பணம் போகும். மை ஆதார் சைட்ல "பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்" பாத்தா எந்த பேங்க்னு காட்டிடும். புதுமைப்பெண் ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்ச பொண்ணுங்களுக்கு 2022ல வந்தது, அரசு உதவி பெறும் ஸ்கூல் தமிழ் மீடியம் புள்ளைங்களையும் அப்புறம் சேத்துட்டாங்க.

5. லோன்

4 லட்சம் வரைக்கும் மார்ஜினும் (நாம கைல இருந்து போடற பங்கு) இல்ல, அடமானமும் இல்ல, அப்பாவோ அம்மாவோ கூட சேந்து கையெழுத்துப் போட்டா போதும். அதுக்கு மேல 5 சதவீதம் நம்ம கையில இருந்து. 7.5 லட்சத்தைத் தாண்டினாத்தான் வீடு, மனைன்னு சொத்துப் பத்திரம் கேப்பாங்க. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் இஎம்ஐ கிடையாது, ஆனா வட்டி ஏறிக்கிட்டேதான் இருக்கும், இத யாரும் வாயத் திறந்து சொல்றதில்ல.

குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா அந்த வட்டியை மத்திய அரசு கட்டும், ஆனா காலேஜுக்கு நாக் (காலேஜோட தரத்தைப் பாத்துக் குடுக்கற அங்கீகாரம்) இல்லன்னா அந்த கோர்ஸுக்கு என்பிஏ (கோர்ஸோட தரத்துக்கானது) அங்கீகாரம் இருக்கணும். அதனால சாய்ஸ் ஃபில்லிங்க்கு முன்னாடியே இத செக் பண்ணுங்க, சீட் எடுத்தப்புறம் தெரிஞ்சு என்ன பண்றது. 2024 நவம்பர்ல வந்த பிஎம் வித்யாலட்சுமி வேற கணக்கு: மத்திய அரசோட லிஸ்ட்ல இருக்கிற காலேஜுக்கு மட்டும், 8 லட்சம் வருமானம் வரைக்கும் 10 லட்சம் வரை கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை.

பேங்க் எதுன்னா, சம்பள அக்கவுன்ட் இருக்கிற கவர்மென்ட் பேங்க். "ரெண்டு நாள்ல லோன்"னு போன் பண்ற ஃபைனான்ஸ் கம்பெனிப் பக்கம் நான் போகவே மாட்டேன், வட்டி தாங்காது. ஸ்கேன் பண்ண அடோபி ஸ்கேன் போதும், மார்க் ஷீட்டை டிஜிலாக்கர்ல இருந்தே எடுத்துக்கலாம்.

அப்டேட்: கமென்ட்ல ஒருத்தர் டாக்ஸ் பத்திக் கேட்டிருந்தாரு. வருமான வரில 80இ-ங்கற பிரிவுல, எஜுகேஷன் லோனுக்குக் கட்டற வட்டிக்கு மட்டும்தான் விலக்கு, அசலுக்கு இல்ல, 8 வருஷம் வரைக்கும். பழைய டாக்ஸ் ரெஜிம்ல இருந்தாத்தான் அது. இன்னொருத்தர் தம்பிக்கு லோன் எடுத்துட்டு அதுல க்ளெய்ம் பண்ணலாமான்னு கேட்டாரு, தம்பி தங்கச்சி படிப்புக்கு வராது சார், தனக்கோ மனைவி, கணவன், புள்ளைக்கோ, இல்ல நாம சட்டப்படி கார்டியனா இருக்கிற புள்ளைக்கோ எடுத்தாத்தான்.